உரிந்து வந்த அண்டர்கோட்டிங்

1. குழிமேல் நின்ற பஸ்

பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள் கையை விட்டார் முனிரத்னம் அண்ணன். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தோல் உரிந்து வந்தது.

"ஏம்மா, இது கோட்டிங்கா, வாழப்பழத் தோலா?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த பஸ்ஸுக்கு அண்டர்கோட்டிங் அடித்தவள் நான். அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

முனிரத்னம் அண்ணனுக்குப் பன்னிரண்டு பஸ். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் கம்பெனிகளுக்கு வருபவை. மழை பிடித்தால் அந்தச் சாலைகளின் செம்மண் வீல் ஆர்ச்சிலும் சேஸிஸ் விளிம்புகளிலும் அப்பிக்கொள்ளும். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். துரு அங்கேதான் தொடங்கும். அதற்காகத்தான் கழுவி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் ரப்பர் கலந்த கோட்டிங் அடிக்கிறோம்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். இந்த வேலைக்கென்று பட்டறைக்குள் தனியாக ஓர் இடம், ஒரு பே, வேண்டும் என்று பட்டறை முதலாளி சண்முகம் சாரிடம் ஒரு வருடம் கேட்டு வாங்கியிருந்தேன். கார்களில் தொடங்கினேன். ஒரு காரும் புகாரோடு திரும்பவில்லை. பஸ்ஸில் மட்டும் முதல் இரண்டு வண்டியும் உரிந்துவிட்டன.

"மருந்து டூப்ளிகேட்டா இருக்கும், இல்ல இந்தப் பொண்ணுக்குக் கை பத்தல" என்றார் முனிரத்னம் அண்ணன், என்னைப் பார்க்காமல் சண்முகம் சாரைப் பார்த்து.

அவர் போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "சுகன்யா, அடுத்த வாரம் மூணாவது வண்டி வருது. அதுவும் உரிஞ்சுச்சுன்னா பேவ மூடிடலாம்மா. நீ முன்னாடி வந்து ஜாப் கார்டு எழுது."

2. ஒன்பது சந்தேகங்கள்

அன்று மதியம் நோட்டை எடுத்து ஒன்பது சந்தேகங்கள் எழுதினேன். கோட்டிங் டிரம் பழசா, ஸ்பிரே கன்னில் காற்று அழுத்தம் கூடிவிட்டதா, முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது அடித்தேனா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கார்களுக்கு என்ன செய்தேன், பஸ்ஸுக்கு என்ன செய்தேன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அதே டிரம். அதே கன். அதே கை.

பிறகு அந்த உரிந்த தோலைத் திருப்பிப் பார்த்தேன். காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பிரைமர் முழுதாக இருந்தது. கோட்டிங் பிரைமரை விட்டு வரவில்லை. பிரைமரே இரும்பை விட்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் கோளாறு நான் அடித்ததில் இல்லை; அடிப்பதற்கு முன்பு இரும்பின்மேல் ஏதோ இருந்திருக்கிறது. ஒன்பது சந்தேகங்களையும் அடித்துவிட்டுப் பத்தாவதாக ஒரே வார்த்தை எழுதினேன்: கழுவல்.

கார்களை பேவிலேயே லிஃப்டில் ஏற்றி நானே கழுவுவேன். பஸ் அந்த லிஃப்டில் ஏறாது. பின்னால் உள்ள ரேம்பில் ராஜப்பண்ணன் சாயங்காலம் கழுவி வைப்பார். நான் காலையில் வந்து வேலையைத் தொடங்குவேன். அந்த ரேம்பில் நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ரேம்பில் நின்று பஸ் கழுவுவதெல்லாம் படித்து வந்தவள் பார்க்கும் வேலையில்லை என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

3. ஃபினிஷிங்

மூன்றாவது பஸ் வந்த அன்று நாலு மணிக்கே ரேம்புக்குப் போய்விட்டேன்.

ராஜப்பண்ணன் தளிக்காரர். வீட்டில் கன்னடம், ரேம்பில் தமிழ். அவர் கழுவியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப்பைக் கழற்றினார். வீல் ஆர்ச்சின் மடிப்புக்குள் விரலை விட்டு மண்ணைத் தோண்டினார். சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூடத் தண்ணீர் பாய்ச்சினார். பிறகு ஏர் அடித்துக் காயவைத்தார். என் பத்தாவது சந்தேகமும் போய்விட்டது என்று எழுந்தேன்.

அப்போது அவர் மூலையிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரே கன்னை எடுத்தார். சேஸிஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக அடித்துக்கொண்டே போனார். இரும்பு மினுமினுத்தது.

"அண்ணா, என்ன அடிக்கிறீங்க?"

"டீசல்மா. ஃபினிஷிங்."

"எதுக்குண்ணா?"

"இன்னாத்துக்கா? இத்த அடிக்கலன்னா வண்டி கழுவுன மாதிரியே இருக்காது. இதுவும் முனிரத்னம் வண்டி. ஒரு தபா அடிக்காம வுட்டுட்டேன், கழுவவே இல்லன்னு சண்டைக்கு வந்துட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்திப் பெருமையாகச் சொன்னார்: "உன் வேலைக்குப் போற வண்டின்னு நான் ரெண்டு தபா அடிக்கறேன்."

டீசல் வண்டிகள் நிற்கும் பட்டறையில் டீசல் வாசனையை யார் கவனிப்பார்கள்? விடிவதற்குள் பளபளப்பு அடங்கிவிடும்; மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இரும்பில் தங்கிவிடும். அதன்மேல்தான் நான் பிரைமர் அடித்திருக்கிறேன்.

ஒரு மக் தண்ணீர் எடுத்து சேஸிஸில் ஊற்றினேன். துளித்துளியாக நின்றது.

"பாத்தியா, முத்து முத்தா நிக்குது. அவ்ளோ சுத்தம்" என்றார்.

நான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீசரில் நனைத்த துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்து, அலசி, மறுபடி தண்ணீர் ஊற்றினேன். இந்த முறை துளி நிற்கவில்லை. தண்ணீர் கண்ணாடி விரித்ததுபோல் படர்ந்து ஓடியது.

"எண்ணெய் இருந்தா தண்ணி ஒட்டாதுண்ணா. தண்ணியே ஒட்டாத எடத்துல என் பிரைமர் எப்படி ஒட்டும்?"

அவர் தலையில் கையை வைத்தார். "அய்யோ தேவ்ரே! நானா உன் வேலைய கெடுத்துக்குனு இருந்தேன்?"

4. வலதும் இடதும்

மறுநாள் இருவரும் சேர்ந்து அந்த பஸ்ஸை முழுதும் டீகிரீசர் போட்டுக் கழுவினோம். இடது பின் ஆர்ச்சில் மட்டும் கை அகல இடத்தில் டீசலை அப்படியே விட்டேன். பிரேக் டிரம், ஹோஸ், தண்ணீர் வடியும் டிரெயின் ஹோல் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்து, வழக்கம்போல் அடித்தேன். நான்கு நாள் காயவிட்ட பிறகு முனிரத்னம் அண்ணனை வரச் சொன்னோம்.

கையில் ஒரு பிளேடைக் கொடுத்தேன். "நீங்களே கீறி இழுங்கண்ணா. முதல்ல இந்த இடம்."

டீசல் விட்ட இடம் ஒரே இழுப்பில் வந்தது. "இதத்தான் நான் சொல்றேன்!" என்று சாரைப் பார்த்தார்.

"இப்ப வலது பக்கம்."

கீறினார். நகத்தால் நெம்பினார். வண்டிச் சாவியால் சுரண்டினார். சாவியில் கறுப்பு ஒட்டியதே தவிர, ஓரம் கிளம்பவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள்ளேயே இறங்கி இன்னும் நான்கு இடத்தில் கீறிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"ரெண்டுக்கும் இன்னாம்மா வித்தியாசம்?"

நான் வாய் திறப்பதற்குள் ராஜப்பண்ணன் சொன்னார்: "டீசல்ணா. அங்க இருக்குது, இங்க இல்ல. நாந்தான் அடிச்சேன்."

"எவன் உன்ன அடிக்கச் சொன்னது?"

ராஜப்பண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அட, நாந்தானய்யா சொன்னேன்! பளபளன்னு இல்லன்னா வண்டிய எடுக்க மாட்டேன்னு வருசக்கணக்கா நாந்தான கத்திக்குனு இருந்தேன்!"

சண்முகம் சாரும் சிரித்துவிட்டார். பேவை மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் முனிரத்னம் அண்ணன் மேலே ஏறி வந்ததும், "மழை முடியட்டும். அப்பவும் நின்னாத்தான் ஒத்துக்குவேன்" என்றார். நியாயம்தான். டீசல் விட்ட இடத்தையும் அவர் கீறிய இடங்களையும் கழுவி மறுபடி அடித்து வண்டியை அனுப்பினேன்.

5. மழை முடிந்து

அந்த வருடம் மழை நன்றாகவே பெய்தது. பஸ் தினமும் இருமுறை தளிச் சாலைச் சேற்றில் போய் வந்தது. மழை விட்ட பிறகு ரேம்பில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினோம். செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. கழுவக் கழுவக் கறுப்பு தெரிந்தது. ஆர்ச்சின் மடிப்பு, சேஸிஸ் விளிம்பு, கிராஸ் மெம்பரின் மேற்புறம் என்று டார்ச் அடித்து, துரு பிடிக்கக்கூடும் என்று நான் நோட்டில் குறித்து வைத்திருந்த பதினாறு இடங்களையும் பார்த்தேன். கல் தெறித்து ஓரிடத்தில் சின்னக் குழி. அதிலும் இரும்பு தெரியவில்லை. உரிந்த இடம் ஒன்றுகூட இல்லை.

முனிரத்னம் அண்ணன் பிளேடைக் கேட்கவில்லை. "மீதி பதினொண்ணயும் வரிசையா வுடறேன். உரிஞ்ச ரெண்ட மொதல்ல எடுத்துக்கோ, மேடம்" என்றார். அவர் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.

இப்போது எங்களிடம் இரண்டு பே இருக்கின்றன. இரண்டாவது பேவில் பஸ்ஸுக்கென்றே ஒரு குழி வெட்டியிருக்கிறோம். எந்த வண்டி பேவுக்குள் வர வேண்டும் என்பதை ராஜப்பண்ணன்தான் முடிவு செய்கிறார். போன வாரம் அவசரத்தில் நானே ஒரு வண்டியைக் கேட்டபோது, "துளி நிக்குதும்மா, தர மாட்டேன். இன்னொரு தபா கழுவணும்" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்.

டிப்ளமோ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலைப் பட்டியல் எழுதுங்கள், ஆனால் மேஜையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். நாம் செய்யச் சொன்ன வேலைகள்தான் அதில் வரும். நாம் சொல்லாமலே, நல்ல மனதோடு, பழக்கத்தால் செய்யப்படும் வேலை அதில் வராது. அதைப் பார்க்க வண்டி முதலில் நனையும் இடத்தில் போய் நிற்க வேண்டும். நான் இரண்டு பஸ் உரிந்த பிறகு போய் நின்றேன். நீங்கள் முதல் நாளே போய் நில்லுங்கள்.