பானுவும் சாலட் ஸ்பின்னரும்

பச்சை இலையை மனிதன் தின்னலாமா என்ற கேள்வியில் போபோடியின் அந்தச் சந்து முழுக்க ஒரு கட்சி. பானு மட்டும் எதிர்க்கட்சி. கொள்கைக்காக ஒன்றும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. தின்கிறவர்கள் இருந்தார்கள், பக்குவமாக நறுக்கித் தர ஆள் இல்லை, அவளுக்கு நறுக்கத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

பானு போபோடியில் பிறந்து போபோடியிலேயே வாழ்க்கைப்பட்டவள். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து மராட்டிய மண்ணுக்கு, போபோடியை அடுத்த கட்கி தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அதன்பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனி கேண்டீனில் அவள் வெகுகாலம் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கினாள். கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த சின்னதுரை கெட்டவர் இல்லை. சம்பளம் தேதி தவறாது. ஆனால் சோறு வடிக்கிறவளுக்கு ஒரு பேர், குழம்பு வைக்கிறவளுக்கு ஒரு பேர் என்று எல்லாருக்கும் பாராட்டு போகும்; நறுக்கினவள் யாரென்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை.

கேட்ட ஒரே ஆள் ரோஹிணி. கோயம்புத்தூர்ப் பெண். அந்தக் கம்பெனியில் கொஞ்ச காலம் பயிற்சிக்கு இருந்துவிட்டு, பாணேரில் ஓர் ஐடி ஆபீசுக்கு மாறிப் போனவள். அங்கிருந்து ஒரு நாள் போன் செய்தாள்: "பானுக்கா, எங்க டீம்ல மத்தியானத்துக்கு எல்லாரும் சாலட்தானுங்க சாப்பிடறாங்க. வெளிய வாங்கறது நல்லாவே இல்லீங்க. நீங்க பண்ணிக் குடுக்கறீங்களா?"

பானு அன்றே சின்னதுரையிடம் லீவு சொன்னாள். "ஒரு மாசம் பாத்துட்டு வா. அடுத்த மாசம் மொதத் திங்கக்கெழம வரலன்னா வேற ஆளப் போட்ருவேன். கோச்சிக்கக் கூடாது," என்றார் அவர். பானுவுக்கு அந்தக் கேண்டீனுக்குத் திரும்பிப் போகவே கூடாது. சாமியிடம் அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சீராக வரவேண்டுமென்று சிப்ஸ் சீவும் கட்டை ஒன்று வாங்கினாள். அது வெள்ளரியோடு சேர்த்துக் கட்டைவிரலையும் கொஞ்சம் சீவியது. தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய அருவாமனைக்கே வந்துவிட்டாள். லெட்யூஸ் இலையைக் கத்தியால் வெட்டினால் ஓரம் கறுக்கிறது என்று கண்டு, கையால் கிள்ளிப் போட்டாள். காலையில் டப்பாக்களைக் கட்டி வைப்பாள். புருஷன் ஜெகதீசனுக்கு மத்தியான ஷிப்ட் என்பதால், முன்பே பாணேர் போய்க் கொடுத்துவிட்டு வருவான்.

பிறகுதான் புகார் வந்தது. டப்பாவில் தண்ணீர். "கீழ இருக்கற எலையெல்லாம் நீச்சலடிக்குதுங்க," என்றாள் ரோஹிணி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் பானுவுக்கு முகம் சுண்டிவிட்டது.

கழுவின இலை காயவில்லை, அதுதான் காரணம் என்று பானு தீர்மானித்தாள். துண்டில் பரப்பினாள், ஃபேனடியில் வைத்தாள். இலை வாடியதே தவிர டப்பாவில் தண்ணீர் குறையவில்லை. கடைசியில் துளசிபாக் பாத்திரக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கழுவின இலையைச் சுழற்றித் தண்ணீரை உதறுகிற ஸ்பின்னர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் கயிறு பிடித்து இழுக்க வேண்டும், ஒன்றில் தலையில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், ஒன்றில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

பானு லேசில் ஏமாறுகிறவள் இல்லை. வாசலில் கீரை விற்றவளிடம் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி, கடைக்காரரின் குடிதண்ணீரிலேயே நனைத்து, மூன்றிலும் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். கயிறு ஒரு நாள் அறும். பொத்தானுக்குள் இருக்கிற ஸ்பிரிங் போனால் எங்கே போயிற்றென்றே தெரியாது. கைப்பிடி உடைந்தால் உடைந்தது கண்ணுக்குத் தெரியும், ஜெகதீசன் ஒட்டிக் கொடுப்பான். கைப்பிடி வைத்ததன் அடியில் ரப்பர் வளையம் இருந்தது, சுற்றும்போது மேடையில் நகரவில்லை. மூடி இரண்டாகக் கழன்றது, தேய்த்துக் கழுவலாம். உள்கூடையை வெளியே எடுத்தால் அரிகூடை, வெளிப்பாத்திரம் கலக்குவதற்கு ஆகும். அதையே வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீசன் அதைக் கையில் எடுத்தான். எடுத்தவன் கீழே வைக்கவில்லை. அவன் மருந்துத் தொழிற்சாலையில் இருப்பது இதே வேலையில்தான்: பெரிய இரும்புக்கூடை சுற்றும், தண்ணீர் வெளியே போகும், மருந்துப்பொடி உள்ளே நிற்கும். "இது எங்க மெஷினோட கொழந்த பானு," என்றான். மறுநாள் காலை கூடை நிறைய இலையை அமுக்கித் திணித்து, ஷிப்ட் முடிக்கிறவன் வேகத்தில் சுற்றினான். மூடியைத் திறந்தால் லெட்யூஸ் துவையலுக்கு ஆகிற பதத்தில் இருந்தது.

"இன்னாங்க இது! எலைங்க இது, மருந்து இல்ல!" என்று பானு கத்தினாள். "இனிமே இதத் தொட்டீங்க, கைய ஒடச்சிருவேன்."

அப்புறம் அவளே பழகிக்கொண்டாள். கூடையில் பாதிக்கு மேல் போடக்கூடாது. மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் சுற்றி, அடியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, இலையை ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். இலை மொடமொடவென்று வந்தது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜெகதீசன் டப்பாக்களோடு கிளம்பியபோது சந்துமுனைவரை கூடவே போனாள்.

மத்தியானம் ரோஹிணி போட்டோ அனுப்பினாள். டப்பாவின் அடியில் தண்ணீர்.

கூடவே பேசியும் அனுப்பியிருந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க பானுக்கா. வெள்ளிக்கெழம எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். அன்னிக்கும் இப்படியே இருந்தா வேற எடம் பாக்கலாங்கறாங்க."

பானு உட்கார்ந்து அழுதாள். ஸ்பின்னரைப் பிடித்துத் திட்டினாள். கடைக்காரரைத் திட்டினாள். அடுத்த திங்கட்கிழமை சின்னதுரையின் முன்னால் போய் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு டப்பா கூடுதலாகக் கட்டி வீட்டிலேயே வைத்தாள். இத்தனை நாளில் தன் சாலட்டைச் சாப்பாட்டு வேளையில் அவள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்த ஜெகதீசன் எதிரே குந்தியிருக்க, மூடியைத் திறந்தாள். மேலே இருந்த இலை காய்ந்தே இருந்தது. அடியில் தண்ணீர் நின்றது.

"மெஷின் மேல தப்பில்ல," என்றான் ஜெகதீசன், அடி வாங்காத தூரத்தில் இருந்துகொண்டு.

பானு அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். கழுவின தண்ணீர் கரிக்காது. இது வெள்ளரியும் தக்காளியும் விட்ட தண்ணீர். விடியற்காலையில் அவள் அள்ளிப் போட்ட உப்புக்கு விட்ட தண்ணீர்.

தெரியாத சங்கதியா இது? தயிர்ப் பச்சடிக்கு வெள்ளரியில் உப்புப் போட்டுப் பிழிந்து எடுப்பவள் அவள்தானே! சாலட் என்றதும் அது ஏதோ சீமைச் சமாச்சாரம், அதன் வியாதியும் சீமை இலையில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"அப்ப உப்பத் தனியா கட்டிக் குடுத்துடு. அவங்களே போட்டுக்கட்டும்," என்றான் ஜெகதீசன்.

"அது எப்படிங்க? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு எங்கம்மா சொல்லும். என் கையால உப்பு போடாம ஒருத்தருக்குச் சாப்பாடு அனுப்பறதா? அப்ப நான் இன்னாத்துக்கு? அத மெஷினே செஞ்சிட்டுப் போவட்டும்!"

அவளுக்கு நிஜமாகவே மனசு ஒப்பவில்லை. உப்புப் போடுவதுதான் சமையல், மற்றதெல்லாம் எடுபிடி வேலை என்று நம்புகிறவள். உப்புப் போடாவிட்டால் மறுபடியும் வெறும் நறுக்குகிறவள். அன்று சாயங்காலம் முழுக்க உப்பு ஜாடியைத் திறப்பதும் மூடுவதுமாக வளையவந்தாள். படுக்கப் போகுமுன் ஜெகதீசனிடம் சொன்னாள்: "வெள்ளிக்கெழம நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மடியில் பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஜெகதீசன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாணேர் போய்ச் சேர்ந்தாள். வாசலில் செக்யூரிட்டி பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பத்திரமாக மூடிக் கொடுத்தான்.

ரோஹிணியின் ஆட்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பானு காய்ந்த இலையைப் பாத்திரத்தில் கொட்டினாள். தனியாகக் கொண்டுவந்த வெள்ளரி, தக்காளி, மாதுளை முத்து, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். கடைசியாக உப்பைக் கையில் அள்ளி, கண்ணால் ஒரு கணக்குப் போட்டுத் தூவி, இடுக்கியால் அடியிலிருந்து மேலாக எடுத்து எடுத்துப் போட்டாள். "இப்பவே சாப்டுங்க. வெச்சிக்கினு பேசினா தண்ணி வுட்ரும்," என்றாள்.

கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முகுந்த் என்ற சென்னைப் பையன் முதல் ஆளாகத் தட்டை மறுபடி நீட்டினான். "அக்கா, இதுல சவுண்டு வருது!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பானுவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் முட்டியது.

ரோஹிணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கெழமைலேர்ந்து தெனமும் வேணுங்க பானுக்கா. மேல் மாடிக்காரங்களும் கேக்கறாங்க. தெனமும் நீங்க வர முடியாது. உப்புத் தூளத் தனியாக் கட்டி, எவ்வளவு போடணும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொல்றபடியே போட்டுக்கறோம்."

"ஒரு டப்பாவுக்கு ஒரு சிட்டிகை. அதுக்கு மேல போட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்," என்றாள் பானு. தன் குரலைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கீழே வந்து வண்டியண்டை நிற்கும்போது சின்னதுரையின் போன் வந்தது. ஆள் அவசரத்தில் இருந்தார். அடுப்புச் சத்தம் பின்னால் கேட்டது.

"இன்னாம்மா, திங்கக்கெழம வந்துருவியா? வெங்காயம் மலையாக் கெடக்கு."

"இல்லண்ணா," என்றாள் பானு. "திங்கக்கெழம எனக்கு வேல இருக்கு."