அக்கா எதையும் வெறுக்கவில்லை

முதலில் ஒரு திருத்தம். அக்காவின் அடக்கத்தன்று உங்களுக்குக் கொடுத்த நினைவு அட்டையில், அவர் படத்துக்குக் கீழே, "உலக இன்பங்களை வெறுத்துத் துறந்தவர்" என்று அச்சாகியிருந்தது. எழுதியவன் நான். அது உண்மையல்ல. மழை பெய்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் சரிபார்த்து எழுதுகிறவன், உடன்பிறந்தவரைப் பற்றித் தவறாக அச்சிட்டேன். இந்த முதலாண்டு மலரை அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துவிட, படிப்பை நிறுத்திவிட்டு என்னை வளர்த்தார். மழை பொய்த்த வருடங்களில் கேப்பைக் கூழ்தான். அதற்கும் ஒரு துண்டு கருவாடு மணக்க மணக்கச் சுட்டு வைப்பார். நான் பள்ளி விடுதியில் சேர்ந்த பிறகே கன்னியர் மடத்துக்குப் போனார்.

காரைக்குடியில் மடத்து மருந்தகத்தில் பிள்ளை பெற்றவர்களைக் கவனிப்பது அவர் பணி. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றி, பூண்டுக் குழம்பும் சுடுசோறும் தாமே பரிமாறுவார். "ஏத்தா, எல்லாரும் தின்ன பெறகு சட்டிய வழிக்கவா ஆண்டவரு ஒனக்கு நாக்கக் குடுத்தாரு? சூடா உண்டுட்டுப் படு" என்பார்.

கிறிஸ்துமசுக்குக் கறுப்புத் திராட்சையில் வைன் போடுவதும் அவர்தான். பீங்கான் ஜாடியில் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, கிராம்பு. பண்டிகைப் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு சின்னத் தம்ளர். குடிக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வார். குடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டுமே அவருக்கு ஜெபம்.

எனக்கோ கூச்சம். என் மகளின் நிச்சயத்தன்று, சம்பந்தி வீட்டார் முன்னால் அக்கா கறிக் கோலா உருண்டையை ரசித்துச் சாப்பிட்டுவிடுவாரே என்று, உள் அறையில் தனி இலை போட்டுத் தயிர்சோறு வைத்தேன்.

"ஏண்டா தம்பி, இன்னைக்கிப் பெரிய வெள்ளி நோன்பா?"

"சிஸ்டர்மாருக்கு இதானக்கா முறை. அவுக என்ன நெனப்பாக?"

"கானாவூர்க் கல்யாணத்துல ஆண்டவரு தண்ணிய ரசமாக்குனப்ப நீ இருந்திருந்தா, தண்ணியே போதும் ஆண்டவரே, அவுக என்ன நெனப்பாகன்னு அவரையே நிப்பாட்டியிருப்ப!"

சிரித்தார். தயிர்சோற்றையும் ரசித்தே உண்டார்.

கடைசியில் உணவுக்குழாயில் நோய். நற்கருணை அப்பத்தை விழுங்க முடியாததால், பங்குத்தந்தை திருப்பலித் திராட்சை இரசத்தைக் கரண்டியால் நாவில் விட்டார். அக்கா சப்புக்கொட்டினார்.

"இந்தத் தடவ ரசம் நல்லாருக்கு, சாமி."

"புதுசா வந்தது, சிஸ்டர். கண்டுபுடிச்சிட்டீகளே!"

இருவரும் சிரித்தார்கள். சாகக் கிடக்கும்போதும் ருசியா என்று நான் தலைகுனிந்தேன். அந்தக் கூச்சத்தில் எழுதியதுதான் அட்டையில் ஏறியது.

அடக்கம் முடிந்ததும், மடத்தில் அவரோடு நெடுங்காலம் இருந்த மூத்த சகோதரி அட்டையை எட்டப் பிடித்துப் படித்தார்.

"படத்துல இருக்கது அவுகதான். கீழ எழுதியிருக்கது யாரு தம்பி? எனக்கு இவுகளத் தெரியாதே."

அட்டையை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"அவுக எதையும் வெறுக்கல. பிடிச்சத மொதல்ல மத்தவுகளுக்கு வச்சுட்டு, பெறகு தான் உண்டாக. அதப் போட்டிருக்கலாம்ல?"

இப்போது போட்டுவிட்டேன். பழைய அட்டையை வேதாகமத்துக்குள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இரவும் பகலும் அருகிருந்த சகோதரிகளுக்கும், மருத்துவருக்கும், பங்குத்தந்தைக்கும், அக்கா கையால் சோறு உண்டு, கடைசி நாட்களில் அவருக்கு முறைவைத்துக் கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்த தாய்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று பூசைக்குப் பின் விருந்தில் கோலா உருண்டை உண்டு. உள் அறையில் யாருக்கும் இலை போடவில்லை. சகோதரிகள் நம்மோடு பந்தியில் அமர்வார்கள். அக்காவின் ஜாடியில் அவர்கள் போட்ட வைனை நான்தான் ஊற்றப்போகிறேன். கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் சிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.