பெரியம்மாவின் செத்த கார்

பெரியப்பா வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போகும்போது பெரியம்மாவிடம் இரண்டு பொருள்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒன்று வீடு. அதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. மற்றது கார். அதைப் பற்றி விமானம் ஏறும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு வந்த கடிதங்களிலும் முதல் வரி "கார் சுகமா?" என்றுதான் இருக்கும். "என்னையும் ஒருக்காக் கேக்கட்டாம் எண்டு ஆராவது அந்த மனிசனுக்கு எழுதுங்க கா" என்று பெரியம்மா சிரிப்பார். ஆனால் கடிதத்தை மடித்த கையோடு அவர் போவது காரிடம்தான்.

சிவப்புக் கார். ஜப்பானில் பந்தய ஓட்டத்துக்கென்றே செய்த ரகம். மற்றக் கார்களுக்கு ஒரு காபரேட்டர் என்றால் இதற்கு இரண்டு. வேகம் காட்டும் முள் நூற்றிருபது மைல் வரை போகும். ஓடிய தூரம் காட்டும் மீட்டர் ஐந்து ஒன்பதுகள் வரிசையாக நிற்கும் வரைக்கும் போய், மறுபடி சுழியத்துக்குக் கிறுகி, இப்படி இரண்டு முறை கிறுகி முடித்து மூன்றாம் சுற்றில் இருந்தது. வேறு யாராவது என்றால் அதை மறைப்பார்கள். பெரியம்மா பிள்ளையின் பரீட்சைப் புள்ளியைச் சொல்வது போலச் சொல்வார்: "ரெண்டு லட்சம் மைல் தாண்டிட்டு. இஞ்சின் இன்னும் கொம்பனி இஞ்சின்தான். ஒரே ஒருக்காத்தான் திறந்தது."

செட்டிபாளையத்தில் ஒரு காரை வைத்துப் பார்ப்பது லேசான காரியமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்று எந்தப் பக்கத்தால் வந்தாலும் உப்போடுதான் வரும், வந்தால் தகரத்தைத்தான் தின்னும். பெரியம்மா பள்ளிக்கூடத்தால் வந்து சேலையை மாற்றி, பெரியப்பாவின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போய்விடுவார். கழித்து ஊற்றிய எஞ்சின் எண்ணெயை அடித்தகரம் முழுக்கப் பூசுவார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். தபால்காரர் அந்தப் பாதங்களிடம்தான் "டீச்சர், கடிதம்" என்பார்.

முன்பு காத்தான்குடியிலிருந்து முஸ்லிம் மெக்கானிக் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். வாயில் வெற்றிலையும் கையில் ஸ்பேனருமாக அவர் சொன்ன ஒன்றைப் பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்: "தங்கச்சி, காருக்குச் சுகமில்லயெண்டா முதல்ல சத்தத்தில சொல்லும். மறுகா மணத்தில சொல்லும். ரெண்டையும் நீங்க கேக்காட்டி நடுறோட்டில நிண்டு சொல்லும்." பிறகு சண்டை மூண்டு, அவர்களுடைய ஊருக்கும் எங்களுடைய ஊருக்கும் இடையில் ஆள் போய்வர முடியாத காலம் வந்தது. நானா வரவில்லை. பெரியம்மாதான் கேட்டார், முகர்ந்தார், திருத்தினார்.

பெட்ரோல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் கார் அதிகம் ஓடாது. ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பார். எங்களுடையது அடுத்த வளவு என்பதால் நான் முதல் ஆளாகப் போய் முன் சீட்டில் ஏறிவிடுவேன். காலடியில் அந்தச் சத்தம் வாவியில் வள்ளம் போவது போல ஒரே சீராக ஓடும். நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. ஊரிலே இப்படி ஒரு கார் எங்கள் குடும்பத்தில் மட்டும்தான் இருக்கிறது என்ற நினைப்பில் கழுத்து தானாகவே ஒரு விரற்கடை நீண்டுவிடும்.

அந்த நீண்ட கழுத்தால்தான் வினை வந்தது.

ஒரு நாள் சீனி வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். ஆயுதம் வைத்திருந்த நான்கு பேர் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்வதில் பயனில்லை. அந்தக் காலத்தில் யார் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்: "வாகனம் ஒண்டு தேவைப்படுது." கேட்டுப் போன வாகனம் திரும்பி வந்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

"இஞ்ச எங்க தம்பி வாகனம்?" என்று அவர்களிடம் சொன்னார் கடைக்காரர். "டீச்சர்ர வளவுக்குள்ள ஒண்டு கிடக்கு. அது செத்த கார். கோழி முட்டையிடுறதுக்குத்தான் சரி."

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்த காரா? ஆரு சொன்ன?" என்றேன். "ரெண்டு காபரேட்டர் இரிக்கி! நூற்றிருபது மைல் ஓடும்! எங்கட பெரியம்மா தானே கழட்டித் தானே பூட்டுவா!"

கடைக்காரர் சீனியைக் கொட்டிய கடதாசிப் பையைக் கட்டாமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நால்வரில் மூத்தவர் சிரித்தார். "அப்பிடியா புள்ள? பின்னேரம் வாறம் எண்டு பெரியம்மாட்டச் சொல்லு."

நான் ஓடினேன். பெரிய இடத்துச் சம்பந்தம் பேசி முடித்த ஆள் மாதிரி, "பெரியம்மா, நம்மட காரப் பாக்க ஆக்கள் வாறாங்க!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த பெரியம்மா பேனையை மூடினார். ஏசவில்லை. "எத்தினை பேர்? எப்ப?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய் காரின் முன்மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். விருந்தாளிகள் வருகிறார்கள், அதுதான் துடைத்துச் சோடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் நால்வரும் சைக்கிளில் வந்தார்கள். பெரியம்மா தலையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து நின்ற விதம் எனக்குப் புதிதாக இருந்தது. குரலும் வேறாக இருந்தது.

"எனக்கு இதப்பத்தி ஒண்டும் தெரியா தம்பி. அவர் விட்டுட்டுப் போனது. எங்க தண்ணி ஊத்துற, எங்க எண்ணெய் ஊத்துற எண்டே தெரியா."

"பெரியம்மா!" என்று நான் வாயெடுத்தேன். அவருடைய கை என் தோளில் வந்து விழுந்தது. நண்டு கடித்தது போல ஒரு பிடி. நான் அடங்கிப்போனேன்.

மூத்தவர் கார்த் திறப்பை வாங்கித் தானே ஏறினார். ஏறுவதற்கு முன், கிளச் என்றால் என்ன, சோக் என்றால் என்ன என்று பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அவர் சோக் என்று காட்டியது லைட் சுவிட்ச். பெரியம்மா "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

திறப்பைத் திருகினார். வள்ளம் போகிற சத்தம் வரவில்லை. கார் முழுவதும் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது, இருமியது, ஒருமுறை உறுமியது. பிறகு 'படார்' என்று ஒரு வெடி.

வெளியே நின்ற மூவரும் ஒரே நொடியில் மண்ணில் படுத்துவிட்டார்கள். ஒருவருடைய துப்பாக்கி எங்கள் கிணற்றைக் குறிபார்த்தது. இன்னொருவருடையது எங்களை. பெரியம்மா என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது, அது நடிப்பில்லை. கார்தான் வெடித்தது என்று அவர்களுக்கு விளங்க எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழுப் பின்னேரமாக இருந்தது.

மூத்தவர் இறங்கினார். முகம் கறுத்திருந்தது. "என்ன விளையாட்டு இது?" என்று பெரியம்மாவைக் கேட்டார். பிறகு மெலிந்த ஒருவனைக் கூப்பிட்டார். "நீ கார் திருத்துற கராச்சில வேலைக்கு நிண்டவன்தானே? பார் என்னெண்டு."

அவன் துப்பாக்கியை முதுகுக்கு மாற்றி, சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு முன்மூடியைத் திறந்தான். பிளக்குகளுக்குப் போகும் வயர்கள் ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டினான். முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில் விரல் நின்றது. நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஆர் அக்கா திருத்திப் பாக்கிற?"

"ஆருமில்ல தம்பி."

அவன் மூடியை அடித்துச் சாத்தாமல், இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து 'கிளிக்' என்று பூட்டு விழும் வரை மெதுவாக அமர்த்தினான்.

"இஞ்சின் முடிஞ்சி அண்ணை. இழுத்துக்கொண்டு போனாலும் நமக்குத்தான் கரைச்சல்" என்றான்.

மூத்தவர் காரின் சக்கரத்துக்கு ஒரு உதை கொடுத்தார். "நூற்றிருபது மைலாம்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நால்வரும் சைக்கிளேறிப் போனார்கள். ஊர் முழுக்க அன்றைக்கே கதை பரவியது: டீச்சரின் கார் செத்துப்போச்சு. பெரியம்மா எல்லாரிடமும் "ஓம் கா, போயிட்டுது" என்றார். தன் எஞ்சினை யாரும் குறைத்துச் சொன்னால் இரண்டு நாள் பேசாமலிருக்கிற மனுசி அவர்.

ஞாயிறு காலையில் அவர் மூடியைத் திறந்து இரண்டு வயர்களைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். திறப்பைத் திருகினார். வள்ளம் ஓடியது. ஒரு நிமிடம்தான் ஓடவிட்டு நிறுத்தினார். என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பெரியம்மா துவக்குக்காரர் நால்வரையும் இரண்டே இரண்டு வயரால் ஏமாற்றியிருக்கிறார்! கழுத்து முன்னைவிட நீண்டது.

இன்றைக்கு என்னிடமும் ஒரு பழைய கார் இருக்கிறது. இரண்டு லட்சம் தாண்டிவிட்டது, வயர் மாற்றுவது நானேதான். ஒவ்வொரு பிளக்குக்கும் அதற்கென்று அளவான வயர். இடம் மாற்றிப் போட்டால் குட்டையானது இழுபட்டு விறைத்து நிற்கும், நீளமானது சுருண்டு தொங்கும். கராச்சில் ஒரு மாதம் நின்றவன் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை, எட்ட நின்றே கண்டுபிடிப்பான்.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மாவையும் தம்பியையும் கூட்டி வைத்து அந்த மெலிந்தவனைப் போல நடித்துக் காட்டினேன். விரலால் வயரைத் தடவி, தலையைச் சொறிந்து, "இஞ்சின் முடிஞ்சி அண்ணை! மடையன், கண்ணுக்கு முன்னால கிடந்தது தெரியல்ல!" என்றேன். தம்பி உருண்டு உருண்டு சிரித்தான்.

உச்சந்தலையில் 'ணங்' என்று ஒரு குட்டு விழுந்தது. பெரியம்மா.

"அந்தப் புள்ளைய இன்னொருக்கா அப்பிடிச் சொன்னாயோ, இந்தக் காருக்குக் கிட்டவும் உன்ன எடுக்கமாட்டன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. காரைக் காட்டிக்கொடுத்தவள் நான். அதற்கு ஒரு சொல் ஏசாதவர், துவக்கோடு வந்தவனுக்காக என்னைக் குட்டுகிறாரே என்று, தலையைத் தடவித் தடவி அன்று பகல் முழுக்கக் கோபத்தோடு இருந்தேன்.