வெறும் வண்டியில் வைத்த ரசமட்டம்

சென்ற வாரம் பரமக்குடியிலிருந்து இராமேசுவரம் செல்லும் பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலிருந்த இருக்கை எனக்குக் கிடைத்தது. தங்கச்சிமடத்தில் ஒரு பேச்சு. சத்திரக்குடி தாண்டியதும், குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த என் உள்ளங்காலில் ஒரு கூச்சம். செருப்பையும் மீறி ஏறிவந்த நடுக்கம் அது. வேகம் கூடினால் கூடியது. ஓட்டுநர் காலை எடுத்தால் தணிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நிம்மதியாக உறங்கினார். நானோ உச்சிப்புளியில் இறங்கி, வேறொரு பேருந்து பிடித்து, தாமதமாக மேடையேறி, கைதட்டலும் வாங்கினேன். ஒரு நடுக்கத்துக்கா இத்தனை அச்சம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

என் நண்பன் முனீஸின் பிக்கப் வண்டிக்கென்று அப்போது ஒரு வாசனை இருந்தது. டீசலும் மிளகாய் நெடியும் இருக்கைப் பஞ்சுவரை ஊறிப்போன வாசனை. அபிராமத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவனுடையது. கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே சொற்போர் அணி. நான் முதலில் பேசுவேன், அவன் முடித்துவைப்பான். படிப்பு முடிந்ததும் அவன் மேடையை விட்டு வண்டியைப் பிடித்தான். சுற்றுவட்டார மிளகாய் மூட்டைகளைப் பரமக்குடிக்குக் கொண்டு சேர்ப்பது தொழில். போட்டி நாள்களில் மூட்டைகளோடு மூட்டையாக நானும் போவேன். மூக்கில் துண்டு, கன்னத்தில் பனங்கற்கண்டு. குரல் கெட்டுவிடக் கூடாதல்லவா?

“தொண்டையாடா அது, கண்ணாடி டம்ளரா?” என்பான் முனீஸ். “தும்முறதையும் எதுகை மோனையோட தும்மு மாப்ள, பரிசு குடுப்பாய்ங்க.”

அந்த வண்டிக்குள் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதையும் நேராக முடிவு செய்யமாட்டோம். தேநீரா பருத்திப்பாலா என்பதற்குக்கூட நாணயம் சுண்டிக் கட்சி பிரித்துக்கொள்வோம். விழுந்த கட்சிக்கு வாதாட வேண்டும். மனத்துக்குள் வேறு எண்ணம் இருந்தாலும் வாதாட வேண்டும். அருகிலிருக்கும் மூன்றாம் ஆள் நடுவர். தீர்ப்புக்குத் தோற்றவன் கட்டுப்பட வேண்டும். சாலையோரக் கடைக்காரர்கள் பலர் வடையைத் திருப்பிப் போட்டபடியே எங்களுக்குத் தீர்ப்பு வழங்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றும் வெல்பவனே பேச்சாளன் என்று நான் இறுமாந்திருந்த காலம். இன்றும் எனக்குச் சோறு போடுவது அந்தத் திறமைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய எஞ்சின் இரைக்கத் தொடங்கியது. முழுப் பாரத்தோடு கண்மாய்க்கரை ஏறும்போது, இறங்கித் தள்ளவா என்று நான் கேட்கும் நிலை. உடைப்புக்குப் போன பெரிய வண்டி ஒன்றின் எஞ்சினைக் கியர் பெட்டியோடு தேடிப் பிடித்தான் முனீஸ். இராமநாதபுரத்துக்கு வெளியே பட்டறை வைத்திருந்த காதர் அண்ணன் பொருத்தித் தர ஒப்புக்கொண்டார். எங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார், நாங்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்.

பெரிய எஞ்சின் நீளமானது. கியர் பெட்டி பின்னுக்குத் தள்ளிப்போயிற்று. அங்கிருந்து பின்அச்சுக்கு ஓடும் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டை வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. தண்டின் இரு முனையிலும் சிலுவை வடிவில் ஒரு மூட்டு. முன்னே கியர் பெட்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, பின்னே அச்சின் முகமும் அதற்கு ஒத்துச் சாய்ந்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தண்டு சுற்றும்போதெல்லாம் உதறும். உதறி உதறியே அந்த மூட்டுகளைத் தின்றுவிடும். காதர் அண்ணன் தம் இரு முழங்கைகளையும் மடக்கிக் காட்டி இதை விளக்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொத்தனாரிடம் வாங்கிவந்த ரசமட்டத்தை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நின்றது. ஆனாலும் அவர் வெல்டிங் கம்பியை எடுக்கவில்லை.

“மூட்டைய ஏத்திட்டு ஒருக்காப் பாத்துருவோம்டா. பாரம் ஏறுனா பின்னாடி வில்லுப்பட்டை படுத்துரும். அச்சு மொகம் திரும்பிரும்.”

மூட்டைகள் பரமக்குடியில் கிடந்தன. கொண்டுவந்து ஏற்றினால் பொழுது போய்விடும். மாலையில் எனக்கு இராமநாதபுரத்தில் போட்டி. முனீஸ் என்னைப் பார்த்தான், சட்டைப்பையில் கையைவிட்டான்.

“ஏத்தணுமா, வேண்டாமா? கட்சி பிரிப்போம் மாப்ள. அண்ணே, நீங்கதான் நடுவரு.”

நாணயம் எனக்குக் கொடுத்த கட்சி, ‘வேண்டாம்’.

முனீஸ் சுருக்கமாகப் பேசினான். “பாரம் சொமக்கத்தான்ணே வண்டி. வெறும் வண்டிய அளந்து என்னத்தக் காணப்போறோம்?” அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை என்பது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் எழுந்தேன். “நடுவர் அவர்களே! கண்ணெதிரே நிற்கும் குமிழி சாட்சி சொல்கிறது. நாளை வரப்போகும் பாரத்துக்கு அஞ்சி, இன்று நிற்கும் சாட்சியைப் பொய்யென்று தள்ளுவீர்களா?” என்று தொடங்கி, கால் மணி நேரம் முழங்கினேன். பட்டறையின் தகரக் கூரை எதிரொலித்தது. பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்த காதர் அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“யா அல்லா! இவன் பேசுனா எஞ்சினே தானாப் போயி உக்காந்துக்கிரும் போலயே!” தீர்ப்பு எனக்குக் கிடைத்தது. உரக்கக் கைதட்டியவன் முனீஸ். வெல்டிங் பொறி பறக்கும்போது நான் போட்டிக்குப் புறப்பட்டுவிட்டேன். அன்று கோப்பையும் எனக்குத்தான்.

மறுநாள் வெறும் வண்டியில் தனுஷ்கோடிவரை போய்வந்தோம். வெண்ணெயாக ஓடியது. “இப்ப என்னலே சொல்றே?” என்றேன். “ஒத்துக்கிறேன் சாமி” என்று ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்டான்.

நான்காம் நாள் முழுப் பாரம். அபிராமம் தாண்டி வேகம் எடுத்ததும் உள்ளங்கால் கூசியது.

“மாப்ள, கால்ல என்னமோ கூசுதுடா. காதரண்ணன்ட்டக் காட்டுவமா?”

“தீர்ப்பு வந்த வழக்கத் திரும்பத் தெறக்கக் கூடாதுலே. புது எஞ்சின், பழகட்டும்” என்றேன்.

சிரித்துக்கொண்டே மிதித்தான். சற்று நேரத்தில் எங்கள் காலுக்கடியில் ஏதோ அறுந்தது. முன்மூட்டு கழன்று, தண்டு சாலையில் இறங்கிக் குத்தியது. வண்டி ஓட்டுநர் பக்கமாகச் சாய்ந்து இழுபட்டு, கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்தது. மூட்டைகள் வெடித்துச் சாலையெல்லாம் சிவப்பு. தூக்க ஓடிவந்தவர்கள் நெடி தாங்காமல் இருமினார்கள்; கண்ணைக் கசக்கிக்கொண்டே, நசுங்கிய தகரத்துக்குள் சிக்கிய அவன் காலைத் தேடினார்கள். எனக்குச் சிராய்ப்புகள் மட்டும். கன்னத்திலிருந்த பனங்கற்கண்டு அப்போதும் கரைந்திருக்கவில்லை.

மதுரையில் அவனது வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காதர் அண்ணன் பட்டறையை மூடிவிட்டு வெளிநாடு போனார். போகுமுன் என்னிடம் சொன்னது ஒன்றே. “நான் நடுவரா இருந்துருக்கக் கூடாதுடா. மெக்கானிக்காவே இருந்துருக்கணும்.” நாணயம்தானே எனக்கு அந்தக் கட்சியைக் கொடுத்தது என்று எனக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். கேட்பவனும் நானே என்பதால், ஒரு முறைகூட வென்றதில்லை.

உச்சிப்புளியில் இறங்கிய மறுநாள் அவன் ஊருக்குப் போனேன். வண்டியைப் பழைய இரும்புக்கு அறுத்துக் கொடுத்தாயிற்று. அது நின்ற இடத்தில் ஆடு கட்டியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான் முனீஸ். கிழக்கே சூரியன் உதிக்கிறது என்றால்கூட மூன்று குறுக்குக் கேள்வி கேட்டவன். “இந்த வருசம் மழை வராது போல” என்றேன். “வராதுதான்” என்றான். கட்சி மாறி, “இல்ல, வந்துரும்” என்றேன். “வந்துரும்” என்றான். அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எதிர்வாதமாவது செய்திருப்பேன்.

சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்துச் சுண்டி, உள்ளங்கையில் மூடினேன். “பூவா, தலையா?”

ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“நீயே சொல்லு மாப்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”