கதவு அட்டையில் உப்புக் கோடு

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் கார்களுக்கு சீட் தைக்கும் பட்டறை வைத்திருந்தேன். ஒரு கப்பல் ஏஜென்டின் மகனிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு நிறம், மேலே மடக்குகிற துணிக் கூரை. எங்கள் ஊர் ரோட்டில் அது உப்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகும். அதற்கே அவன் கைக்கு உறை மாட்டிக்கொள்வான்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே நாற்றம். இரண்டு கதவுகளின் உள்பக்க அட்டையும் ஊறிப் புடைத்து, மேலே ஒட்டியிருந்த ரெக்சின் தோல் உரிந்து தொங்கியது.

"டிரைவர் பய மழையில கூரையைத் தொறந்து போட்டுட்டான். அன்னைக்கே வெரட்டி விட்டுட்டேன்," என்றான் மகன். "அட்டையைக் கழட்டவே வேண்டாம். மேலயே புது ரெக்சினை ஒட்டிரும்."

நனைந்த அட்டைமேல் தோலை ஒட்டினால் பத்தே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். சொன்னேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவனிடம் பேசுவது வீண் என்று, அவன் போனதும் அட்டையைக் கழற்றினேன்.

கிளிப்புகள் துருவேறிப் பொடிந்து வந்தன. அட்டையின் பின்புறம் கீழிருந்து முக்கால் உயரத்தில் குறுக்காக வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அடுத்த கதவிலும் அதே உயரத்தில் அதே கோடு. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைக் கடல் மணல் அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் மேலேயிருந்து இறங்கும். இது கீழேயிருந்து ஏறிய தண்ணீர்.

பொய் சொல்லக்கூட அவனுக்குத் துப்பில்லை.

அந்த டிரைவரை எனக்குத் தெரியும். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர். மறுநாள் முத்தையாபுரத்தில் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? கூட்டாளிகளுக்கு வேகம் காட்டணும்னு சின்னவரு வண்டியக் கீழவைப்பார் கடக்கரையில எறக்கினாரு. மணல்ல பொதைஞ்சிட்டு. கடலும் ஏறிட்டு. நான்தான் ஆளுகளக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டி இழுத்தேன்."

"பெரியவருகிட்ட, அவரு அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சின்னவரு சொல்லாதேன்னிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு சேத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு."

திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிய பலகை வெட்டி, இருபுறமும் வார்னிஷ் அடித்தேன். ஓட்டைகளைக் கம்பியால் குத்தி மணலை எடுத்தேன். துருவைச் சுரண்டி பெயின்ட் பூசி, கதவுத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே பாலிதீன் ஷீட் வைத்தேன். அப்புறம்தான் ரெக்சின். அத்தனை சுத்தமாக அந்த வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. அதற்கு அவன் துளியும் லாயக்கில்லாதவன் என்பது ஒவ்வொரு திருகை முடுக்கும்போதும் உறுத்தியது.

வண்டியை எடுக்க அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். பழைய அட்டையைப் பெரியவர் முன்னால் நீட்டினேன்.

"முதலாளி, இது மழைத் தண்ணி இல்ல. கடல் தண்ணி. டிரைவர் மேல தப்பில்ல."

மகன் முகம் வெளிறியது. பெரியவர் அந்த உப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார். நாற்பது வருஷம் கப்பல் சரக்கு பார்த்த மனிதர். கடல் தண்ணீர் பட்ட மூட்டையைத் தொட்டே சொல்லிவிடுவார் என்பார்கள்.

"உம்மை ரெக்சின் ஒட்டத்தானே வே சொன்னோம்?" என்றார். "அதை மட்டும் பாரும்."

மகனின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. பளிச்சென்று சிரித்தபடி வண்டியில் ஏறினான். மகன் முட்டாள். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர்மீதுதான் எனக்கு அதிக அருவருப்பு.

அந்த வருஷம் முடிவதற்குள் டிரைவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் பட்டறைக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, முதலாளி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டாங்க. மழையில கூரையைத் தொறந்து போட்டது நான்தான்னு ஒத்துக்கிட்டேன். நீரும் இனிமே யார்கிட்டயும் வேற மாதிரி சொல்லாதேயும்."

அவர் கெஞ்சவில்லை, அந்த வீட்டுக்காரர்களின் குரலிலேயே உத்தரவு போட்டார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு வாசலில் காறித் துப்பினேன். அது மகனுக்கா, அப்பாவுக்கா, டிரைவருக்கா என்று அப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.