உடுத்திக் காட்டியவள்

மருந்துக் கடையில் பில் போடும் அந்த அம்மாளுக்கு நல்ல வாட்டசாட்டமான உடம்பு. துணிக் கடைக்குள் நுழைந்தால் போதும், விற்கிற பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். அதனால் தன் அளவுக்கு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், இனி கிடைக்குமோ கிடைக்காதோ என்று அதிலேயே இரண்டு மூன்றை அள்ளிக்கொண்டு வருவாள். வருஷக்கணக்கில் இப்படி வாங்கியதில் பீரோக் கதவு மூட மாட்டேன் என்றது. பாதிக்கு மேல் ஒரு தடவை உடுத்தியதோடு சரி.

பழைய துணி விற்கிற ஆப் ஒன்றை அவள் போனில் போட்டுக் கொடுத்தது நாத்தனார்தான். கொடுக்கும்போதே, "போட்டுத்தான் பாருங்களேன் அண்ணி. கூடாரம் அடிக்கிறவங்க யாராவது வாங்குவாங்க" என்று சிரித்தாள். அவளும் கூடச் சிரித்து வைத்தாள். உள்ளே சுருக்கென்றது.

சட்டைகளையும் கவுன்களையும் கதவில் மாட்டிப் படம் எடுத்துப் போட்டாள். நாய்கூடச் சீண்டவில்லை. ஒருத்தி மட்டும், அந்த மெரூன் கவுனைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்குமா என்று கேட்டிருந்தாள். இதற்கு என்னவென்று பதில் எழுதுவது? கவுனை மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கியும் உட்கார்ந்தும் திரும்பியும் காட்டி, வீட்டுக்காரரைப் படம் எடுக்கச் சொன்னாள். எலெக்ட்ரீஷியனான அவர், ஏதோ மீட்டர் பெட்டியைப் படம் பிடிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எடுத்தார். கையில் தாராளம், முதுகில் கொஞ்சம் பிடிக்கும் என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டாள். கவுன் மறுநாளே விற்றுப்போனது.

அதன்பின் எல்லாவற்றையும் உடுத்தியே காட்டினாள். ஒருநாள் எவனோ ஒருவன் படத்தின் கீழே அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான். வீட்டுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. நமக்கு எதற்கு இந்தப் பொல்லாப்பு, எல்லாப் படத்தையும் அழித்துவிடு என்றார். முகத்தையும் வயிற்றையும் வெட்டிவிட்டுப் போடும்படி நாத்தனார் யோசனை சொன்னாள். அன்று ராத்திரி அவள் தன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் அவன் எழுதியதை மட்டும் அழித்தாள்.

"என் உடம்பைக் காட்டாம என் அளவுத் துணிய எப்படிங்க விக்கிறது? படம் இருக்கட்டும்."

அடுத்த சட்டைக்கு அவரே போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

மழைக்காலத்தில், இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெண் பணத்தை நீட்டியபடியே நின்றுவிட்டாள். உடம்பில் அதே மெரூன் கவுன்.

"அக்கா, கையத் தூக்கிக் காமிச்சது நீங்கதானே? ட்ரையல் ரூம்ல நின்னு அழாம நான் வாங்குன முதல் துணி இதுதான்."

அவள் கவுண்டரை விட்டு வெளியே வந்து, அந்தப் பெண்ணைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள்.

"முதுகுல பிடிக்குதா?"

"லேசா. அதான் எழுதியிருந்தீங்களே."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அன்று முழுக்க அவள் தலை நிமிர்ந்தே பில் போட்டாள்.

இப்போது மற்ற பெண்களும் தங்கள் துணியை அவளிடம் கொடுத்து விற்கச் சொல்கிறார்கள். தோழி கொடுத்ததாக நாத்தனார் ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். அவள் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

"தையல் குத்துது. இத இன்னொருத்தி தலையில நான் கட்ட மாட்டேன்."

நாத்தனார் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தோழியிடம் போய், "எங்க அண்ணி கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று பெருமையடித்துக்கொண்டாளாம்.