நாற்பது பாகையில் ஒன்றரை லீற்றர்

2022 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே நாற்பது பாகை, காற்றில்லை. இல்ஃபோர்டில், குளிருக்கென்று கட்டிய எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குள் முப்பத்தாறு. என் மனைவி கமலா நடைவழியில் நின்று, சமையலறை எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டாள்.

அவளுக்கு இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல; இரத்தத்தைத் தள்ளும் வலு குறைவது). நாளுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. காலையில் ஒரு நீர் மாத்திரை (உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது). நான்கு வருடமாக இரண்டையும் நான்தான் பார்த்துவந்தேன். தேநீரும் சொதியும்கூட அளவில் சேரும்.

முந்தைய நாள் மாலை அவள் இன்னொரு மிடறு தண்ணீர் கேட்டிருந்தாள்.

“இண்டைக்கு அளவு முடிஞ்சுது. குவைத்தில ஐம்பது பாகைக்க பதினெட்டு வருசம் இருந்தனான். இதெல்லாம் ஒரு வெயிலோ?”

“நீங்கள் கந்தோருக்குள்ள இருந்து கணக்கெழுதினனீங்கள். வெயிலுக்க நிண்டது வேற ஆக்கள்,” என்றாள், சிரித்துக்கொண்டு.

நான் கொடுக்கவில்லை. அவள் குடித்ததையெல்லாம் எழுதினேன். வியர்வையாகப் போனதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை. மறுநாள் காலையும் நீர் மாத்திரையைக் கொடுத்தேன்.

சமையலறை எங்கே என்று அவள் கேட்டதும் அம்புலன்சை அழைத்தேன்; வர இரண்டு மணி நேரம். மருத்துவமனையில் பார்த்த டாக்டர் மலேசியத் தமிழ்ப் பெண்.

“தண்ணி எவ்வளவு குடுத்தீங்க, அங்கிள்?”

“சொன்ன அளவுதான். ஒரு சொட்டுக் கூடேல்லை.”

“அந்த அளவு சாதாரண நாளுக்கு, அங்கிள். இந்த மாதிரி வெயில்ல எங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கணும். மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்போம்.”

உடல் வறண்டு சிறுநீரகம் நின்றிருந்தது. மூன்று மாதத்தில் அதன் இயக்கம் திரும்பக்கூடும் என்றார்கள். திரும்பவில்லை.

இப்படி ஒருவரைப் பராமரிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வெயில் ஏறும் என்று தெரிந்த காலையிலேயே இதயப் பிரிவுத் தாதியை அழையுங்கள். தண்ணீரையும் மாத்திரையையும் நீங்களாக மாற்ற வேண்டாம். கேட்காமல் பழைய அளவில் நிற்கவும் வேண்டாம். இது எங்களுக்கு இனி உதவாது.

கமலாவுக்கு இப்போது டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்தல்). எங்கள் வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மட்டுமே நாட்கள். மற்றவை அந்த நாட்களின் களைப்பிலிருந்து அவள் எழும்ப முயலும் நேரம். எழும்பி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். அவள் இப்போது பகிடி பண்ணுவதில்லை. தண்ணீரும் கேட்பதில்லை, குவளையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

இந்தக் கோடைக்கு ஒரு ஏசி வாங்கினேன். முதல் நாள் போட்டதும் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். டயாலிசிஸ் இயந்திரத்திலிருந்து வரும் உடம்புக்கு ஜூலையிலும் குளிர்தானாம்.

“நிப்பாட்டுங்கோப்பா. எனக்கு ஏலாது.”

நிறுத்தினேன். அவள் போர்வையை விலக்கவில்லை. ஏசியின் விலை நானூற்றுப் பத்தொன்பது பவுண்.